துட்டி வீட்டில் நீட்டிய கை

அருப்புக்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கூட்டம் நடக்கும். நானும் என் கூட்டாளியும் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் போவோம். இருவருக்கும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் வேலை. எனக்குப் படிக்கப் பிடிக்கும். நாலு பேர் முன்னால் வாய் வராது. அவனுக்குப் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வரும். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான். அதனால் நான் படித்ததைப் பஸ்ஸில் சொல்வேன், அவன் கூட்டத்தில் பேசுவான். எனக்குச் சொல்ல வராததெல்லாம் அவன் வாயில் சரியாக வந்து விழும். கைதட்டும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

போன வருடம் எங்கள் பக்கத்து ஊர்களை வைத்து ஒரு நாவல் வந்தது. நம் பெண்களை அது கேவலப்படுத்துகிறது என்று போனில் செய்தி பரவியது. நான் பாதிதான் படித்திருந்தேன். அவன் என்னிடம் கேட்கவில்லை. அதைத் தடை செய்ய வேண்டும் என்று கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆவேசமாகப் பேசி அனுப்பிவிட்டான். அவனை நிறுத்தத்தான், "நான் இன்னும் படிச்சு முடிக்கல, அவனுக்குக் கதையச் சொல்லவும் இல்ல" என்று எழுதினேன். அந்தக் குழுவில் நான் எழுதிய முதல் வரி அது.

"அப்ப இத்தன வருசமா யாருண்ணே படிச்சது?" என்று அவனைக் கேட்டார் ஒருவர். பின்னாலேயே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன.

மறுநாளிலிருந்து வேலைக்கு அவன் வேறு பஸ்ஸில் போனான். கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

மாசியில் அவன் அம்மா இறந்தார்கள். எங்கள் பக்கம் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்கப் போகிற ஆண்களுக்கு, வாசலில் வரிசையாக நிற்கும் அந்த வீட்டு ஆண்கள் கையை நீட்டுவார்கள். அதைத் தொட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். தீராப் பகையாளி வந்தாலும் நீட்டியாக வேண்டும். அவனும் நீட்டினான். கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தேன். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து வந்தேன். வழியெல்லாம் அழுதேன். அந்த அம்மாவுக்காக மட்டும் இல்லை.

காரியம் முடிந்து அவன் வேலைக்கு வந்த அன்று, டீக்கடையில் அவனுக்கும் சேர்த்து டீ சொன்னேன். கிளாஸை அவன் தொடவில்லை.

"அன்னைக்கு கை குடுத்தியேலே" என்றேன்.

"அது எங்காத்தா சாவுக்கு நீட்டுன கை. உனக்கு நீட்டல."

நாவலைப் படித்து முடித்துவிட்டேன். கேவலமாக அதில் ஒன்றும் இல்லை. ஆட்டுக்குட்டியையும் பஸ்ஸில் ஏற்றச் சொல்லிக் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கும் ஒருத்தி வருகிறாள். அவள் பேச்சு அப்படியே அவன் அம்மாவின் பேச்சு. போன கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். அவன் உட்காரும் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.