சீட்டில் இல்லாத கரை

பொய் சொல்லப் போகும்போது நொலீன் பிராசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். உண்மை சொல்லப் போகும்போதும் துடைப்பார். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறோம். எது எப்போது என்று எங்களில் ஒருவருக்கும் பிடிபட்டதில்லை.

வார நாட்களில், ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர்த் தொடக்கப் பள்ளி எதிரே 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலை கடக்க விடுவார். மாதத்தின் முதல் ஞாயிறு, சாரணர் கூடத்தில் ஐரோப்பா வரைபடத்தின் முன் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். அது ஒரு போர் விளையாட்டு: ஏழு பேர், ஏழு வல்லரசுகள். பகடை கிடையாது. முற்றத்தில் ஆளை ஆள் ஓரங்கட்டிக் கூட்டுப் பேச வேண்டும். பிறகு அவரவர் கட்டளையைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பேசியபடிதான் எழுத வேண்டும் என்று சட்டமில்லை. பதினெட்டு நகரம் பிடித்தவருக்கு வெற்றி.

அவர் ஐரோப்பாவில் கால் வைத்ததில்லை. "வியன்னாவுல என்ன சாப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாது கண்ணு. அதைப் பிடிக்க எத்தனை படை வேணும்னு தெரியும்." நான் எப்போதும் துருக்கி. மூன்று முறை என் முதுகில் குத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, "மனசுல வச்சுக்காதே" என்றார். நானும் குடித்தேன், மானங்கெட்டவன்.

இப்படிப்பட்டவரிடம்தான் டப்பாவை நீட்டுகிறோம். எல்லோருடைய சீட்டையும் அவரே வாசிப்பார். வாசித்த சீட்டு, அவர் கணவர் டெஸ் சாஸேஜ் வாட்டும் அடுப்புக்குப் போகும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. "வாயால என்ன வேணா அளக்கலாம். சீட்டு சீட்டுதான்" என்பது நொலீனின் சட்டம்.

நவம்பர் ஆட்டத்தில் வெல்பவர் பெயர் கூடத்துச் சுவர்ப் பலகையில் ஏறும். அதை எழுத வேண்டியவர் இரண்டாவதாக வந்தவர். அது இங்கே வழக்கம். பலகையில் பதினோரு பெயர்கள் நொலீனின் கையெழுத்தில் இருக்கின்றன. அவற்றில் மூன்று, கூடவே ஆடும் டெஸ்ஸின் பெயர். நொலீன் பெயர் ஒரு தடவைகூட இல்லை. அதற்காக அவர் எவ்வளவு ஏங்கினார் என்பது எங்களுக்குத் தெரியும்.

போன நவம்பரில் அவர் இங்கிலாந்து. பதினேழு நகரம் கையில். பிரான்ஸாக ஆடிய பல் மருத்துவர் கேவினை முற்றத்துக்கு அழைத்துப் போய்க் கண்ணாடியைத் துடைத்தார். "கப்பல் ஆப்பிரிக்காவுக்குத்தான் போகுது கண்ணு. உன் ஸ்பெயின் எனக்கெதுக்கு?" தினமும் பல் துலக்குவதாகப் பொய் சொல்கிறவர்களையே பார்த்துப் பழகிய கேவின், இதை நம்பி ஸ்பெயினைக் காலியாக விட்டுப் படையைக் கிளப்பினார்.

நொலீன் தன் சீட்டை எடுத்தார். "கப்பல், அட்லாண்டிக்கிலிருந்து ஸ்பெயினுக்கு." கேவின் முகம் செத்துவிட்டது. பதினெட்டாவது நகரம்!

ஆனால் நொலீன் சீட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஸ்பெயினுக்கு இரண்டு கரை. வடக்கா தெற்கா என்று எழுதாவிட்டால் கட்டளை செல்லாது. புதிதாக வருபவர்கள் செய்யும் பிழை அது.

"எந்தக் கரைன்னு எழுதல. கப்பல் நிக்குது" என்றார்.

கேவினுக்கே பொறுக்கவில்லை. "வடக்குன்னு வாசிச்சிருந்தா யாரு கேக்கப் போறாங்க நொலீன்?"

"சீட்டுல இல்லியேப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைப் பிரித்தார். அது என்னுடையது. அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நானாக இருந்தால் வடக்கு என்றே வாசித்திருப்பேன்.

சுதாரித்துக்கொண்ட கேவின், ஐந்து மணிக்குள் பதினெட்டைத் தொட்டுவிட்டார்.

நொலீன் ஏணியில் ஏறி வெள்ளைச் சாயத்தில் கேவின் பெயரை எழுதினார். இடுக்கியும் கையுமாக வந்து நின்ற டெஸ், "பேரு யாரோடதா இருந்தா என்ன, கையெழுத்து வருசா வருசம் உன்னோடதுதானே" என்றார். "போய் சாஸேஜைப் பாரு, கருகுது" என்றார் நொலீன், திரும்பாமலே. கடைசி எழுத்தின் வால்கூடச் சாயவில்லை.

இறங்கி வந்து கேவினுக்குக் கை கொடுத்தார். "அடுத்த வருசம் உன் ஸ்பெயின் பக்கமே வர மாட்டேன் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே, சாயம் பட்ட விரல்களால் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.