யாக்கோப்பு அண்ணையின் சேற்று விலாங்கு

யாக்கோப்பு அண்ணையின் அறையில் இருந்தது விலாங்கு இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நொந்துவிட்டது. அது மீன்கூட இல்லை, தவளைக்குச் சொந்தம். சலமாண்டர் இனமாம். உடம்பு விலாங்கு மாதிரி நீளம், முன்னுக்கு மட்டும் இரண்டு குட்டிக் கால்கள், கழுத்தடியில் விரிந்த செவுள். ஆனால் அதை விற்ற கடைக்காரன் தொட்டியில் 'மட் ஈல்', அதாவது சேற்று விலாங்கு, என்று எழுதி ஒட்டியிருந்தான். உலகமும் அதை அப்படித்தான் கூப்பிடுகிறதாம். அந்தப் பெயரில் இடி விழ.

வாங்கியவன் அண்ணையின் மகன் ஜெராட். யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்த பொடியன், ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போனவன் விபத்தில் அடிபட்டு, திரும்பி வரவில்லை. தாய் அதற்கு முன்னமே போய்விட்டா. பிறகு இந்த ஸ்ட்ரெதம் ஊரின் மாடியறையில் அண்ணையும் அந்தப் பிராணியும்தான். நானும் அவரும் ஒரே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் அதற்குப் புழு போட ஓடுவார்.

"பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற சாமானை நம்பி ஓடுறியள்" என்று பகிடி பண்ணுவேன்.

"அது ஜெராட்டின்ரையடா" என்பார்.

அண்ணைக்கு இருதய ஒப்பரேஷன் நடந்தது. கிருமி பிடித்து, ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்தார். போன மே மாதம் நான்தான் காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியில் ஒரு விஷயம் சொன்னார். குளம் வற்றினால் அந்தப் பிராணி சேற்றுக்குள் இறங்கி, தன் வழுவழுப்பாலேயே தன்னைச் சுற்றிக்கொண்டு, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் நித்திரை கொள்ளுமாம். ஜெராட் சொல்லிக் கொடுத்ததாம். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தொட்டியில் சேறு நிரப்பி, தண்ணீரை மெல்ல மெல்ல வற்றவிட்டு, அறையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். கீழே இருக்கிற வீட்டுக்காரி இம்மாகுலேற் அக்காவிடம், "அறையைத் திறக்க வேண்டாம், பிள்ளை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். புழு போட என்னைக் கேட்டிருக்கலாம். ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காத மனுசன், கேட்கவில்லை.

"இண்டைக்குத் தண்ணி விட்டனெண்டால் எழும்பும்" என்றார். ஜெராட் போன பிறகு அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

மாடியறைக் கதவு திறந்து கிடந்தது. டெற்றோல் வாசமும் மெழுகுதிரி வாசமும் கலந்து வந்தன. தொட்டி இருந்த மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மாதா சொரூபம் வைத்திருந்தார்கள். மே மாதம் மாதா வீடு வீடாகப் போகிற வழக்கம்.

"வாங்கோ அண்ணை! மாதா இந்தக் கிழமை உங்களிட்டத்தான்" என்றா இம்மாகுலேற் அக்கா. "அறை ஒழுங்கில்லை எண்டு வெக்கப்பட்டுத்தானே திறக்க வேண்டாமெண்டனியள்? கோயில் பெண்டுகள் எல்லாரும் சேந்து துப்புரவாக்கிப் போட்டம்."

"தொட்டி?"

"தண்ணி வத்தி, சேறு காய்ஞ்சு கல்லாக் கிடந்தது. விலாங்கு தண்ணியில்லாமல் இருக்குமே அண்ணை? பாவம், பொலித்தீன் மாதிரி ஒரு தோல் சுத்திச் சுருண்டு கிடந்தது. நீங்கள் கண்டால் தாங்கமாட்டியள் எண்டு நாங்களே பையில கட்டிப் போட்டிட்டம். குப்பை லொறியும் எடுத்துக்கொண்டு போட்டுது."

அந்தத் தோல்தான் அது உயிரோடு இருந்ததற்கு அடையாளம். எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சொரூபமும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. திட்ட வாயெடுத்தேன். அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பெரிய உபகாரம், பிள்ளை" என்றார் அக்காவிடம்.

ஜெராட்டின் ஆத்துமத்துக்காகச் செபமாலை சொல்லலாம் என்றா அக்கா. தைத்த நெஞ்சோடு அண்ணை முழந்தாளிட்டார். ஒரு மன்றாட்டுக்கும் குரல் பிசகவில்லை. அந்தப் பெண்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. தேய்த்துத் தேய்த்து அவர்களின் கைகள் சிவந்திருந்தன.

எல்லாரும் போன பிறகு, வெள்ளைத் துணியைப் பார்த்தபடியே அண்ணை கேட்டார்.

"லொறி குப்பையை நெரிக்கேக்கை அதுக்குத் தெரிஞ்சிராது என்ன? நித்திரையிலதானே இருந்தது?"

"ஓம் அண்ணை. ஒண்டும் தெரிஞ்சிராது" என்றேன்.

"ஜெராட் போன அண்டைக்கும் நீ இதைத்தான் சொன்னனீ."