ஏ.சி. கட்டிலும் வடதுருவமும்

வளைகுடாவில், ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில் எங்கள் ரூமில் எட்டுப் பேருக்கு ஒரே ஏ.சி. அதன் குளிர் நேராக வந்து விழும் கட்டில் தூத்துக்குடி அண்ணாச்சியுடையது. ஒருவர் லீவில் ஊருக்குப் போனால், அவர் கட்டிலில் முதலில் துண்டு போட்டவருக்கே அது, அவர் திரும்பி வரும்வரை. இதுதான் எங்கள் ரூம் சட்டம்.

அண்ணாச்சி லீவில் கிளம்பவிருந்த வெள்ளிக்கிழமை மதியம் டிவியில் செய்தி ஓடியது. வடதுருவத்தில் பனி உருகுகிறதாம், அடியில் எண்ணெய் இருக்கிறதாம். ரஷ்யா கடலின் அடிக்கே போய்க் கொடி நட்டுவிட்டது. எதிர்த்தரப்பு நாடுகள் கூட்டுச் சேர்ந்து வடக்கே படைகளை அனுப்புகின்றன.

"கொடிய நட்டுட்டா எடம் இவனுக்குச் சொந்தமாயிருமா?" என்று சிரித்தார் ராமநாதபுரத்துக்காரர். அவருடைய துண்டு காலையிலிருந்தே அந்தக் கட்டிலில் கிடந்தது. நான் தஞ்சாவூர்க்காரர்கள் இருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அதன்மேல் என் துண்டைப் போட்டேன்.

அதே கட்டிலில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலேய், அவனுவளே ஐஸ் உருகட்டும்னு காத்துக் கெடக்கானுவ. நான் ஏர்போர்ட்டுக்குப் போற வரைக்கும் ஒங்களால பொறுக்க முடியாதால?"

வெட்கமாகத்தான் இருந்தது. துண்டை மட்டும் ராமநாதபுரத்துக்காரரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.