எடைமேடைக்காரர் ஆட்டம் கற்ற கதை

லாரி வெறுமையாக வரும்போது ஒரு முறை, சரக்கோடு போகும்போது ஒரு முறை. முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் சரக்கின் எடை. கழித்தலை இயந்திரமே செய்துவிடும். எடைமேடைக்காரரின் வேலை, ஓட்டுநர் வண்டியைவிட்டு உண்மையிலேயே இறங்கிவிட்டாரா என்று ஜன்னல் வழியே பார்ப்பது, சீட்டை அச்சடித்துக் கொடுப்பது. ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம். ஒரு நாளைக்கு அறுபது எழுபது வண்டிகள். இருபத்தாறு வருடங்களில் அவர் சந்திக்காத மனிதர் இல்லை. சந்தித்தவர்களில் ஒருவரோடும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியதும் இல்லை.

அவருடைய மனைவி, மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்வதற்காகப் போனவர். பேரன் இப்போது தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறான், மனைவிதான் இன்னும் திரும்பவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி அவருக்கு முக்கியமான நேரம். டயர்க்கடையின் மாடியில், அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவே ஒரு வட்ட மேசை. அங்கே ஐந்து பேர் போக்கர் ஆடுவார்கள். ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு. மேசை நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும். பந்தயத்துக்கு வில்லைகள் கிடையாது. டயர்களின் வால்வு மூடிகள்தான். கறுப்பு மூடி ஒரு ரூபாய், பச்சை மூடி ஐந்து. நாள் முழுக்கத் தோற்றாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் போகாது. போகாது என்பதால்தான் யாரும் எதற்கும் மடிக்கமாட்டார்கள். மடிப்பது என்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அந்தக் கையிலிருந்து, அதாவது அந்தச் சுற்றிலிருந்து, விலகிக்கொள்வது. பார்ப்பது என்றால் எதிராளி கட்டிய அளவு தானும் கட்டி அவர் சீட்டைத் திறக்கவைப்பது. "பார்க்கத்தானேய்யா வந்திருக்கோம்" என்பது அந்த மாடியின் அரசியல் சாசனம்.

கடைக்காரர், அவருடைய மைத்துனர், டிரைவிங் மாஸ்டர், பார்லர் அக்கா, எடைமேடைக்காரர். மைத்துனரை வயதில் மூத்தவர்களும் மச்சான் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு வேறு பெயர் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. பார்லர் அக்கா இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் அழகு நிலையம் வைத்திருந்தார். டிரைவிங் மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் மிதித்துப் பழகியவர். சீட்டு ஆடும்போதும் அவருடைய வலது கால் மேசைக்கு அடியில் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும்.

நான்கு வருடங்களாக எடைமேடைக்காரர் அங்கே ஒழுங்காகத் தோற்றுவந்தார். கையில் ஒன்றும் இல்லாதபோது பெரிதாகக் கட்டுவார். யாரும் நம்பமாட்டார்கள். சீட்டைத் திறந்தால் சிரிப்பு வெடிக்கும். இதில் குறை ஒன்றும் அவர் காணவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தாமதமாக மாடியேறும்வரை.

"வாங்கண்ணே, வாங்க! நீங்க வரலைன்னா யாரு தோக்குறதுன்னு இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பை எடைபோட்டுப் பார்த்தார். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் ஒருவரை அவருடைய தோல்விக்காகவே நேசிக்கிறார்கள் என்பது, ஐம்பத்தாறு வயதில், தனியாக ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அத்தனை இனிப்பாக இல்லை.

மறுநாளிலிருந்து லாரிக்கும் லாரிக்கும் நடுவே கைபேசியில் பாடம் தொடங்கியது. சின்னப் பந்தய ஆட்டங்களில் தேறுவது எப்படி என்று உலகத்தில் பலர் காணொளி போட்டிருந்தார்கள். எல்லோரும் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்துக்கு எட்டு கையை மடித்துவிடு. மடிக்கவே மடிக்காதவர்களிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டாதே. நல்ல சீட்டு வந்தால் கூச்சப்படாமல் பெரிதாகக் கட்டு. சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைப் பார்.

கடைசிப் பாடம் அவருக்கு எளிது. ஜன்னல் வழியாக மனிதர்களைப் பார்ப்பதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார். பாழான எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதினார்.

டிரைவிங் மாஸ்டர்: நல்ல சீட்டு என்றால் கால் நின்றுவிடும்.

கடைக்காரர்: ஜெயிக்கப்போவது தெரிந்தால் டீ சொல்லுவார்.

மச்சான்: என்ன வந்தாலும் பார்ப்பார். படிக்க ஒன்றும் இல்லை.

பார்லர் அக்கா: சீட்டு மோசமானால் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவார்.

பாடம் பலித்தது. அவர் மடித்தார், மடித்தார், மடித்துக்கொண்டே இருந்தார். எப்போதாவது ஒரு நல்ல கை வந்தால் பச்சை மூடிகளைக் கொட்டினார். மற்றவர்கள் பழைய ஞாபகத்தில் சிரித்துக்கொண்டே "அண்ணன்கிட்ட என்ன இருக்கப்போகுது" என்று பார்த்தார்கள். இருந்தது. மூன்று மாதத்தில் அந்த மாடியின் மூடிகள் எல்லாம் பெரும்பாலும் அவர் பக்கம் குடியேறின. அவருக்கு அதில் பேராசை ஒன்றும் இல்லை. தோற்க ஆள் வந்தாயிற்று என்று தன்னைப் பார்த்து இனி யாரும் சிரிக்கமாட்டார்கள் என்பதே போதுமானதாக இருந்தது. அது அப்படியே நடந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அந்த ஞாயிறு. மேசையில் ஒரு ராஜா, ஒரு ஒன்பது, இன்னும் இரண்டு உதவாத சீட்டுகள். அவர் கையில் ஒரு ஒன்பது. ஆக, ஒன்பது ஜோடி. மாஸ்டரும் கடைக்காரரும் மடித்துவிட்டார்கள், மச்சான் அந்தக் கைக்குச் சீட்டு வாங்காமல் போன் பேசிக்கொண்டிருந்தார். எதிரே பார்லர் அக்கா மட்டும் பத்துப் பச்சை மூடிகளைத் தள்ளியிருந்தார். அவரிடம் ராஜா இருந்தால் ஒன்பது செத்தது. மடிக்க வேண்டிய இடம்தான். அப்போது அக்கா பேசத் தொடங்கினார்.

"வியாழக்கிழமை அவருக்கு ஆபரேஷன். முதுகுல. டாக்டர் என்னமோ சொல்றாரு, எனக்கு ஒண்ணும் புரியல. பயமா இருக்குன்னு இவர் என்கிட்ட சொன்னதே இல்ல, நேத்து சொன்னாரு..."

"ஏத்துறேன்" என்றார் எடைமேடைக்காரர். இன்னும் இருபது பச்சை மூடிகள்.

மாஸ்டரின் கால் நின்றது. அவர் கையில் அப்போது சீட்டே இல்லை.

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்தார். ராஜா இருந்திருந்தால் மடித்திருக்கமாட்டார். எடைமேடைக்காரரின் கணிப்பு துல்லியம். மூடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்போதுதான், அக்கா சொன்னதில் சீட்டைத் தவிர வேறு ஏதோ செய்தி இருந்தது போல அவருக்குத் தோன்றியது. என்ன செய்தி என்று திரும்ப ஓட்டிப் பார்த்தார். அதற்குள் அடுத்த கை போட்டாகிவிட்டது. அவர் கட்டினார். நால்வரும் ஒருவர் பின் ஒருவராக மடித்தார்கள். மச்சான்கூட. அந்த மாடியின் வரலாற்றில் மச்சான் மடித்தது அன்றுதான். அடுத்த கையிலும் அப்படியே. "காட்டுங்கண்ணே, என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்கவும் ஆள் இல்லை. அன்று மாலைவரை ஒவ்வொரு கையிலும் அவர் தனியாகவே ஜெயித்தார்.

சனிக்கிழமை கடைக்காரரிடமிருந்து செய்தி வந்தது: நாளைக்கு ஆட்டம் இல்லண்ணே, கடையில வேலை. அடுத்த சனிக்கிழமை: மாடியில பெயின்ட் அடிக்கிறாங்க. மூன்றாவது சனிக்கிழமை காரணமே வரவில்லை, ஆட்டம் இல்லை என்பது மட்டும் வந்தது. அந்த ஞாயிறு அவர் சோப்பு வாங்கப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டயர்க்கடை இருக்கும் தெருவழியாகப் போனார். கீழே இரண்டு ஸ்டியரிங் வைத்த மாஸ்டரின் கார். பக்கத்தில் அக்காவின் ஸ்கூட்டர். மாடி ஜன்னல் திறந்திருந்தது. மச்சானின் குரலும், தொடர்ந்து நாலு பேர் சிரிப்பும் கேட்டன. பெயின்ட் வாசனை வரவில்லை. வீட்டில் அவரிடம் ஏற்கெனவே எட்டு சோப்பு இருந்தது. ஒன்பதாவதை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அழகு நிலையத்துக்குப் போனார். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று கதவில் எழுதியிருந்தது. அதனால் வெளியே, கைகளைக் கட்டிக்கொண்டு, தண்டனை வாங்கிய மாணவனைப் போல நின்றார். வேலை செய்யும் பெண் உள்ளே போய்ச் சொல்ல, அக்கா ஒரு கையில் கையுறையோடு வந்தார்.

"என்னண்ணே, ஐப்ரோவா?"

"இல்லம்மா. அவர் எப்படி இருக்கார்?"

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர். ஆபரேஷன்னு சொன்னீங்களே."

"அது முடிஞ்சு மூணு வாரம் ஆகப்போகுது. எழுந்து நடக்குறாரு. என் சமையல்ல உப்பு இல்லைன்னும் சொல்றாரு, அப்ப நல்லாத்தானே இருக்காரு." அக்கா கையுறையைக் கழற்றினார். "ஒண்ணு கேக்கட்டுமா? எங்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு அன்னிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். காணொளிகளில் வரும் அத்தனை பேரும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர் மன்னிப்புக் கேட்க வந்தவர். வெறுங்கையோடு வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இருந்த ஒரே சொத்தைக் கொடுத்துவிட்டார்.

"சீட்டு மோசமா வந்தா நீங்க அவரைப் பத்திப் பேசுவீங்க."

அக்கா வாயில் கைவைத்தார். "அடப்பாவி" என்றார், தன்னையா அவரையா என்று தெரியாதபடி. "மத்தவங்க?"

மாஸ்டரின் காலைச் சொன்னார். கடைக்காரரின் டீயைச் சொன்னார். அக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இவ்வளவு எங்களைப் பாத்திருக்கீங்களே அண்ணே, எங்க வீட்டுல கூட இவ்வளவு பாத்ததில்ல. சரி, உங்களுக்கு என்ன அடையாளம்?"

"தெரியலையே."

"எனக்கும் தெரியல. நீங்கதான் வாயைத் திறந்து எதையும் சொன்னதே இல்லையே. நாலு வருஷமா வர்றீங்க, உங்க வீட்டுல எத்தனை பேருன்னுகூட எங்களுக்குத் தெரியாது." கையுறையை மறுபடி மாட்டினார். "ஞாயித்துக்கிழமை வாங்க. நான் சொல்லிக்கிறேன்."

அக்கா சொன்னதைச் செய்பவர். மற்ற மூவரிடமும் சொல்லிவிட்டார், எல்லாவற்றையும்.

ஞாயிற்றுக்கிழமை எடைமேடைக்காரர் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே மாடியேறினார். அவருடைய நாற்காலி போட்டிருந்தது. "வாங்கண்ணே" என்றார் மச்சான். உடனே சீட்டைக் கலைக்கத் தொடங்கினார். மாஸ்டர் வலது காலை நாற்காலிக் காலோடு பின்னி வைத்திருந்தார். கடைக்காரர் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார். தொண்டை வறண்டு போனாலும் டீ சொல்லவில்லை. பார்லர் அக்கா உதடுகளை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தார். ஒருவர் கட்டுவார். நால்வர் மடிப்பார்கள். எல்லோரும் தேறிவிட்டார்கள். இதுவரை ஐந்து பேர் அரட்டைக்கு நடுவே மோசமாக ஆடிய மேசையில் இப்போது ஐந்து ஊமைகள் நன்றாக ஆடினார்கள். கீழே யாரோ டயருக்குக் காற்று பிடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு மணி நேரம் இப்படிப் போனது. இந்த நாற்காலிக்காகத்தான் அவர் மூன்று வாரம் தவித்தார். நாற்காலி கிடைத்துவிட்டது. அதைச் சுற்றி இருந்ததை மட்டும் காணோம். எடைமேடை அறையாவது பரவாயில்லை, ஓட்டுநர்கள் அங்கே திட்டவாவது செய்வார்கள்.

சீட்டு போட்டார்கள். எடுத்துப் பார்த்தார். இரண்டு ராணி. மேசையில் மூன்று சீட்டு திறந்தது. அதில் ஒன்றும் ராணி. மச்சான் நான்கு பச்சை மூடிகளைக் கட்டினார். அவர் முறை வந்தது. ஆனால் அவர் சீட்டைப் பற்றி யோசிக்கவில்லை. நாலு முகங்களையும் பார்த்தார். நாலும் சாத்தியிருந்தன. யாராவது ஒருவர் திறந்தால்தான் உண்டு.

"இன்னிக்குக் காலைல வீட்டுல இருந்து போன் வந்துச்சு" என்றார்.

மாடியில் அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது. நால்வரும் நிமிர்ந்தார்கள்.

"சம்சாரம் மக வீட்டுல இருக்கா. ஆறு வருஷம் ஆச்சு. தையல் மெஷினை லாரில ஏத்தி அனுப்புங்கன்னு சொன்னா." கையில் ஒரு பச்சை மூடியை உருட்டினார். "அதை அனுப்பிட்டா அப்புறம் அவ இங்க வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. பத்திரமா அனுப்புறேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

யாரும் சீட்டைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்கள், உற்று, தலையிலிருந்து கால்வரை. அப்படி ஒரு பார்வை அவருக்குப் பரிச்சயம். வெறும் வண்டியா சரக்கு வண்டியா என்று பார்ப்பது. சீட்டு மோசமானால்தான் வீட்டுப் பேச்சு வரும் என்பது இப்போது அவர்களுக்கும் தெரிந்த பாடம். நாலு மூடிகளைத் தள்ளிப் பந்தயத்தில் சேர்ந்துகொண்டார்.

"ஏத்துறேன்" என்றார் கடைக்காரர்.

"நானும் இருக்கேன்" என்றார் மாஸ்டர். மச்சான் மடிக்கவில்லை. அக்கா அவர் முகத்தையும் தன் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குற்றவாளியைப் போல, மூடிகளைத் தள்ளினார்.

மேசை நடுவில் மூடிகள் குவிந்தன. கடைசிச் சீட்டு திறந்த பிறகு அவர் தன் இரண்டு சீட்டுகளைத் திருப்பி வைத்தார். மூன்று ராணிகள். யாரிடமும் அதற்கு மேல் இல்லை. அவர் அந்த மேசையில் ஜெயித்ததிலேயே பெரிய கை அதுதான்.

பிறகு மச்சான் மேசையைத் தட்டி எழுந்து நின்று சிரித்தார்.

"அண்ணே! என்ன நடிப்புண்ணே! தையல் மெஷினாம்! நான் நம்பிட்டேண்ணே, சத்தியமா நம்பிட்டேன்!"

மாஸ்டர் காலை விடுவித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரர் கூலிங்கிளாஸைக் கழற்றி எறிந்துவிட்டு, "டேய், அஞ்சு டீ!" என்று மாடிப்படியில் கத்தினார். மாடி பழையபடி ஆகிவிட்டது. அக்கா மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜமாவா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார்.

எடைமேடைக்காரர் மூடிகளை இரண்டு கையாலும் அணைத்துத் தன் பக்கம் இழுத்தார். நாலு வருடத்தில் இந்த அளவு யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"சீட்டைப் போடுங்கம்மா" என்றார்.