டாக்டர் கேட்டதை நான் கேட்கவில்லை

காரைக்காலில் மகப்பேறு ஓ.பி.யில் கடைசிப் பத்து வருஷம் சிஸ்டராக இருந்தேன். எங்கள் டாக்டரம்மா வடக்கே பிறந்தவர், தமிழ் வராது. அவர் இங்கிலீஷில் கேட்பார், நான் பேஷண்டிடம் தமிழில் கேட்டுச் சொல்வேன். இதில் ஒரு கள்ளத்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன். "கணவரோடு சேரும்போது வலி இருக்கா?" என்று அவர் கேட்டால், "அடிவயிறு வலிக்குதாம்மா?" என்று மாற்றிவிடுவேன். வெட்கம்தான், வேறென்ன! அடிவயிறு யாருக்குத்தான் வலிக்காது? யூரின் டெஸ்ட், மாத்திரை, அடுத்த ஆள்.

திருமலைராயன்பட்டினத்துப் பெண் ஒருத்தி ஒரே மாசத்தில் மூன்றாவது தடவையாக வந்தாள். பாத்திமா என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஏழு மாசம். கூட மாமியார். நான் வழக்கம்போல அடிவயிற்றில் ஆரம்பித்தேன். அந்தம்மா விருட்டென்று எழுந்துவிட்டார்.

"வயித்த விடுங்க சிஸ்டர். புருஷங்கிட்ட போனா உசிரு போற மாரி வலிக்குதுன்னு எங்கிட்ட அழுவுது. எம்மவன் சவூதிலேருந்து லீவுல வந்திருக்கான். இவளுக்கு என்னயப் புடிக்கல, டிக்கெட்ட முன்னாடியே மாத்திக்கிட்டுப் போறேங்குறான். அதக் கேளுங்க மொதல்ல!"

எனக்குக் காது சுட்டுவிட்டது. உள்ளதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். பரிசோதித்தார். பிரசவத்தில் பிறப்புறுப்பில் போட்ட தையல் தழும்பு தடித்துப்போயிருந்தது, தொட்டாலே துடித்தாள். தாய்ப்பால் கொடுக்கிற மாசங்களில் வருகிற வறட்சி வேறு. வலிக்குமே என்ற பயத்தில் உடம்பும் தானாக இறுகிக்கொண்டது. பாவம், எப்படித் தாங்குவாள்? களிம்பு, ஜெல், தசையைத் தளர்த்தும் பயிற்சி, வலி விடும்வரை இடைவெளி. சரியாகிவிடக்கூடியதுதான்.

கணவனிடம் சொல்லலாமா என்று கேட்டோம். அவள் தலையாட்டிய பிறகு, வெளியே நின்றவனைக் கூப்பிட்டு விளக்கினோம்.

"அப்ப எம்மேல வெறுப்பு இல்லியா?" என்றான்.

பாத்திமா என்னைத்தான் பார்த்தாள்.

"மூணு தடவ வந்தேன் சிஸ்டர். நீங்களா கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அவன் டிக்கெட்டை மாற்றவில்லை. நான்தான் மாறினேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை முழுசாகக் கேட்டேன். ஒருத்திக்குத் தொற்று, ஒருத்திக்குக் கட்டி, மாதவிலக்கு நின்ற இன்னொருத்திக்கு வறட்சி. ஒருவர்கூட என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பாதிப் பேர் அழுதார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, கூசாமல் கேளுங்கள். பாத்திமா வருவதற்கு முன்னால் எத்தனை பேரை நான் யூரின் டெஸ்ட்டோடு வீட்டுக்கு அனுப்பினேனோ, அவர்களில் ஒருத்தி முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.