ட்ராக் நடுவில் நின்ற கார்

போன ஞாயிறு நான் நடத்தின ஆறு மணி நேர ஆன்லைன் ரேஸ் தெரியுமில்ல? அவங்கவங்க வீட்டுல கம்ப்யூட்டர் முன்னால ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஓட்டறது; எல்லாம் பழைய மாடல் ரேஸ் கார்கள்.

நாலாவது மணி நேரத்துல, படப்பையிலேர்ந்து ஓட்டின சேகர் சார் ட்ராக் நடுவுலயே காரை நிறுத்திட்டார். பின்னால வந்த மூணு கார் அதுமேல மோதிச்சு. மைக்ல கத்தினேன், பதிலே இல்லை. அவரைத் தகுதி நீக்கம் பண்ணிட்டு, "வயசுக்கேத்த பொறுப்பு வேண்டாமா சார்?"னு மெசேஜும் அனுப்பினேன்.

இன்னைக்குக் காலையில, சேலையூர் பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது அவர் நம்பர்லேர்ந்து போன். பேசினது அவர் மனைவி.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே சாஞ்சுட்டார் தம்பி. ஹார்ட் அட்டாக். இன்னிக்குத்தான் ஐசியூல வாய் திறந்து பேசினார். நடுவுல நின்னு எல்லாருக்கும் இடைஞ்சல் பண்ணிட்டாராம். உங்ககிட்ட மன்னிப்பு கேக்கச் சொன்னார்."

அவங்களே தொடர்ந்தாங்க.

"நீங்க ஏதோ மெசேஜ் அனுப்பியிருக்கீங்க போல. நான் படிக்கல. வார்டுக்கு மாத்தினதும் அவர்கிட்டயே காட்டறேன்."

தகுதி நீக்கத்தை உடனே ரத்து பண்ணிட்டேன். மெசேஜை அழிக்கப் பார்த்தா, அதுக்கான நேரம் முடிஞ்சு போச்சாம். அஞ்சு செகண்ட் லேட்டானாலே தண்டனை கொடுக்கறவன் நான்.

அந்த மெசேஜுக்குக் கீழே இப்போ என்ன எழுதறது? யாராவது சொல்லுங்க.