தொக்கத்தில் வந்த பலாச்சுளை

பலாப்பழ வாசனையை மூக்கால் இழுத்தால் அது வயிற்றுக்குள் போய்ச் சுளையாகக் கட்டிக்கொள்ளும் என்று பத்து வயது வரை உறுதியாக நம்பியவன் நான். நம்பியதோடு நின்றிருக்கலாம். ஐந்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சையில், செரிமானம் பற்றிய கேள்விக்கு அதைப் படம் போட்டு எழுதிவைத்தேன். வாத்தியார் விடைத்தாளைப் பக்கத்து வகுப்புக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

இந்த ஞானம் எனக்கு ஐந்து வயதில் கிடைத்தது. அப்போது நான் சாப்பிட்டவை மூன்றே: குழம்பு படாத சாமைச்சோறு, வறுத்த கடலை, முறுகலாகப் பொரித்த மரவள்ளிக்கிழங்கு. வழவழவென்று எதுவும் நாக்கில் படக்கூடாது. ஒரு சொட்டு ரசம் தெறித்தால் தட்டு முழுவதும் கெட்டுப்போனதாகத் தோன்றும். வாழைப்பழம் தொட்ட விரலை மண்ணில் தேய்த்துக்கொண்டே இருப்பேன். பலாப்பழமோ, வாசனையே ஆகாது. பிறந்ததோ கொல்லிமலையில். ஆனி மாதம் மலையே மணக்கும். நான் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிவேன்.

அம்மா இதற்கெல்லாம் எதுவும் சொல்லமாட்டார். சோறு தனியாக, கடலை தனியாக, ஒன்றையொன்று தொடாமல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பேசியதெல்லாம் அத்தைதான். அப்பாவுக்கு அக்கா. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; வளப்பூர் நாட்டிலிருந்து அவர் எங்கள் அரியூர் நாட்டுக்கு வந்து இறங்கினால் எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான். ஒருநாள் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"ஏம்புள்ள, இது கையா வெறகுக்குச்சியா? உனக்குச் சோறூட்டத் தெரியல. எங்கூட்டுல ஒரு வருசம் இருக்கட்டும். மூக்கப் புடிச்சா வாய் தானாத் தொறக்குது."

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை வீட்டைச் சுற்றிப் பலாமரங்கள் மட்டுமே பதினொன்று. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன்.

"தொக்கம் விழுந்திருக்குமோன்னு நெனைக்கறனுங்க அண்ணி," என்றார் அம்மா. "எடுத்துப் பாக்கலாம். நீங்களும் கூட வாங்க, அப்புறம் சொல்லுங்க."

தின்றது ஏதோ குடலில் ஒட்டிக்கொண்டு பசியை அடைத்துவிடுவதைத்தான் எங்கள் பக்கம் தொக்கம் என்பார்கள். அதை எடுக்கிறவர் வாழவந்தி நாட்டில் இருந்தார். மூவரும் பஸ் ஏறிப் போனோம். அம்மா முன்னால் போய் அவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். அவர் என் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி மேல்நோக்கி நீவினார். எண்ணெய் பட்டதற்கே நான் ஊரைக் கூட்டினேன். வாயருகே ஓர் ஆமணக்கு இலையை ஏந்தி, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு இலையை அத்தையிடம் நீட்டினார். அதில் கசங்கிய பலாச்சுளை ஒன்று.

"இத்தன நாளா இதுதானுங்க அடச்சிருக்குது."

அத்தை அதை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "பாவம், நீ என்ன பண்ணுவே," என்றார். ஒரு வருசப் பேச்சு அத்துடன் போனது.

எனக்குத்தான் தலை சுற்றியது. பிறந்ததிலிருந்து பலாச்சுளையைத் தின்றதே இல்லை. தின்னாதது எப்படி உள்ளே போகும்? தூங்கும்போது யாராவது ஊட்டினார்களா? ஊட்டினால் வாந்தி எடுத்திருப்பேனே. மூக்கு வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருவதற்குள் பஸ் எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. வீட்டில் அம்மா அதே குழம்பில்லாத சோற்றை வைத்தார். நான் அதையே தின்றேன். தொக்கம் போயும் ஏன் ஒன்றும் மாறவில்லை, அதற்கு அம்மா ஏன் சிரிக்கிறார் என்பதும் புரியவில்லை.

இப்போது என் நாலு வயது மகள், இட்லியின் ஈரம் விரலில் பட்டாலே அழுகிறாள். இது பிடிவாதமில்லை, தொடுவுணர்ச்சி இவளுக்குக் கூடுதல், கட்டாயப்படுத்த வேண்டாம் என்றார் சேலத்து டாக்டர். போன மாதம் மலைக்குப் போனபோது அதை அம்மாவுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். அம்மா கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"உன்ன வளத்தவளுக்கு அது தெரியாதா கண்ணு? உங்கத்தை ஊட்டுக்குப் போயிருந்தா நீ தேறியிருக்க மாட்டே. அதான் ஒரு சுளைய மடியில முடிஞ்சு கொண்டுபோயி அந்தாளு கையில குடுத்தேன்."

இத்தனை பண்டங்கள் இருக்க, நான் அறவே வெறுத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில் ஏதோ ஆழமான யோசனை இருந்திருக்க வேண்டும் என்று பட்டது. ஏன் பலாச்சுளை என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஊட்டுல அதுதான் இருந்துச்சு."